முன் சீட்டில் மாமனார்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
செப்டம்பர் கடைசி வாரம்



தேனி ஜில்லா கம்பத்திலிருந்து ஆறு மாதம் தங்க மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு திராட்சை விவசாயியைப் பற்றியது இந்தக் கடிதம். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அவர் போய்வந்த இடம் நாபா பள்ளத்தாக்கு. "அமெரிக்கா போயும் ஒயின் ஊரைத் தேடித்தான் போயிருக்கான்" என்று சுருளிப்பட்டி டீக்கடை வரைக்கும் சேதி போனால், கோயில் கமிட்டியில் அவருக்கு இருக்கும் மரியாதை என்னாவது? ஆகவே இங்கே அவர் வெறும் மாமனார்.

ஃப்ரீமான்டுக்கு வரும் பெற்றோர்களுக்கென்று எழுதப்படாத ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. முதல் வாரம் பகலில் தூக்கம், ராத்திரியில் விழிப்பு. அடுத்து கோல்டன் கேட் பாலம், காஸ்ட்கோ, எலிசபெத் ஏரிக்கரையில் சாயங்கால நடை, வெள்ளிக்கிழமையானால் லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயில். மாமியார் எல்லாவற்றிலும் பாஸாகிவிட்டார். மாமனாருக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளை நான்கு வருஷமாகக் கண்ணும் கருத்துமாக வளர்த்த கறிவேப்பிலைச் செடியை ஒரு காலை நேரத்தில் கவாத்து பண்ணிவிட்டார். தொட்டியில் இப்போது ஒரு குச்சி நிற்கிறது. "துளிர்க்கும் மாப்ள, பாருங்க" என்கிறார். மாப்பிள்ளை தினமும் பார்க்கிறார்.

அப்பாவுக்கு ஒரு நாள் திராட்சைத் தோட்டம் காட்டலாம் என்ற யோசனை மகளுடையது. மாப்பிள்ளைக்கும் மகா சந்தோஷம், வேறு காரணத்துக்காக. ஆனால் அவர் ருசி பார்த்தால் வண்டியை யார் ஓட்டுவது? கலிஃபோர்னியாவில் ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொட்டால் வழக்கு. கூலிக்கு ஆள் ஏற்றும் ஓட்டுநருக்கு 2018 ஜூலையிலிருந்து அதிலும் பாதி, 0.04. சொந்தக் காரில் திறந்த பாட்டில் ஒன்று ஆட்கள் உட்காரும் இடத்தில் கிடந்தாலே அபராதம் உண்டு. அதே சட்டம், பெர்மிட் உள்ள வாடகை வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பாட்டிலைத் திறந்து குடித்தால் கண்டுகொள்வதில்லை. டிரைவரோடு கார் அமர்த்திக்கொண்டு நாபா போவது இங்கே ஒரு பெருந்தொழிலாக வளர்ந்ததற்குப் பாதிக் காரணம் இந்தச் சட்டம். மீதிக் காரணம் பவிசு.

மணிக்கு 120 டாலர், குறைந்தது எட்டு மணி நேரம், டிரைவருக்கு இனாம் தனி. மாமியார் மனக்கணக்கில் ரூபாயாக்கிப் பார்த்து, "லட்ச ரூபாய்க்கு ஒரு நாள் காரா? அந்தக் காசுக்குக் கம்பத்துல ஒரு கல்யாணத்துக்கே வேன் விடலாமே" என்றார். மகள் காதில் வாங்கவில்லை.

காலை எட்டு மணிக்குக் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய எஸ்.யூ.வி. வாசலில் வந்து நின்றது. கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டையில் டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்து பிடித்தார். பிடித்துக்கொண்டே நின்றார். அதற்குள் மாமனார் அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், முன்கதவைத் தானே திறந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டார். வாடகை வண்டி எடுத்தால் வீட்டுப் பெரியவர் முன்னால்தான் உட்கார வேண்டும். வழி பார்க்க வேண்டும், டிரைவர் தூங்காமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். தேனி ஜில்லாவில் இதற்கு மறுபேச்சு கிடையாது. தோல் சீட்டு, குளிர்ந்த தண்ணீர் பாட்டில், புதினா மிட்டாய்க் கிண்ணம் எல்லாம் இருந்த பின்பக்கம் மற்ற மூவருக்கும் வாய்த்தது. சுற்றி வரும்போது பம்பரில் பார்த்த டி.சி.பி. எண் என்னவென்று மாமனார் கேட்டார். மாநிலத்தின் பொதுப்பயன்பாட்டு ஆணையம் வாடகை வண்டிகளுக்குக் கொடுக்கும் அனுமதி எண் என்று மாப்பிள்ளை விளக்கினார். "பெர்மிட்டு. சரி, கிளம்பலாம்."

டிரைவரின் குடும்பம் மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து வந்தது. அவருடைய தகப்பனார் நாபாவில் திராட்சை பறித்தவர். இது தெரிந்த நிமிஷத்திலிருந்து மாப்பிள்ளை விருந்தாளி வேலையை விட்டு மொழிபெயர்ப்பாளர் ஆனார். முன்சீட்டில் தமிழும் ஸ்பானிஷ் வாடை அடிக்கும் ஆங்கிலமும் கையசைவுகளும் ஓடின. இரண்டு விரலைக் கத்தரியாக்கிக் காட்டிய இடங்களில் மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

680-ஆம் நெடுஞ்சாலையில் டப்ளின் தாண்டும்போது, லிவர்மோர் பக்கம் கையைக் காட்டி, அதுவும் பழைய ஒயின் ஊர்தான் என்றார் டிரைவர். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோயில் இருக்கும் லிவர்மோரா? அதேதான். வென்டி, கான்கேனன் என்ற இரண்டு ஒயின் ஆலைகளும் 1883-ல் அங்கே தொடங்கியவை. கலிஃபோர்னியாவில் விளையும் ஷார்டனே திராட்சையில் பெரும்பகுதி வென்டி தோட்டத்துக் குச்சியின் வழிவந்தது. அயர்லாந்திலிருந்து வந்த கான்கேனன், கத்தோலிக்க தேவாலயப் பூசைக்கான ஒயினுக்காகவே தோட்டம் போட்டவர். "அப்ப நான் வெள்ளிக்கிழமை விரதமிருந்து போறது..." என்று மாமியார் ஆரம்பித்தார். "சாமிக்கு வச்ச ஊரு தான்த்தா, சாமி மட்டும் வேற" என்று முன்சீட்டிலிருந்து பதில் வந்தது.

நாபா பள்ளத்தாக்கு வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீட்டர் போல நீளம்; அகலம் சில கிலோமீட்டர்தான். மேற்கு ஓரத்தில் 29-ஆம் நெடுஞ்சாலை, கிழக்கு ஓரத்தில் சில்வராடோ டிரெயில், நடுவில் நாபா, யான்ட்வில், ஓக்வில், ரதர்ஃபோர்டு, செயின்ட் ஹெலினா, கலிஸ்டோகா. ஒயின் ஆலைகள் நானூறுக்கு மேல். உலகம் முழுக்கப் பெயர் பரவியிருந்தாலும் கலிஃபோர்னியாவின் மொத்த ஒயினில் நாபாவின் பங்கு நூற்றுக்கு நான்குதான். இரண்டு பக்கமும் மலை, நடுவில் திராட்சை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தே வளர்ந்த மாமனார் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. திறந்தபோது கேட்டது: "பந்தல் எங்க?"

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை என்றால் ஆள் உயரத்துக்கு மேலே கம்பிப் பந்தல், அதன்மேல் கொடி, அடியில் நிழல், நிழலில் தொங்கும் குலை. நாபாவில் கொடியை இடுப்பு உயரத்தில் கம்பியில் கட்டி, தளிர்களை நேராக மேலே ஏற்றிவிட்டு, வரிசை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். பழம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. "குனிஞ்சே பறிக்கணுமே, இடுப்பு போயிருமே" என்றார். அதை மாப்பிள்ளை மொழிபெயர்த்தபோது டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துத் தன் தகப்பனாரின் இடுப்பு என்ன ஆயிற்று என்று காட்டினார். அறுவடை பெரும்பாலும் நடுராத்திரி தாண்டி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடக்கும். குளிர்ந்த பழம் ஆலைக்குப் போய்ச் சேருவதற்குள் கெடாது. பின்சீட்டு விருந்தாளிகள் எழுந்து காபி குடிப்பதற்குள் பறித்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கூலியாட்கள் தங்க விடுதிகள் உண்டு. அவற்றின் செலவுக்காகத் தோட்டக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாமனார் இதை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். "தானா போட்டுக்கிட்டாங்களா?"

முதல் ஆலையில் பத்தரை மணிக்கு முன்பதிவு. 1990-ல் நாபா கவுண்டி போட்ட விதிப்படி, அதற்குப் பின் அனுமதி வாங்கிய ஆலைகள் முன்கூட்டிச் சொல்லாமல் வருபவர்களுக்கு ருசி காட்டக் கூடாது. ருசி பார்க்க ஆளுக்கு ஐம்பது டாலருக்கு மேல். ஐந்து வகை, வகைக்கு இரண்டு மடக்கு. மாமியாருக்குத் தண்ணீரும் உப்பு பிஸ்கட்டும் இலவசம்; அன்று முழுவதும் லாபத்தோடு வெளியே வந்தவர் அவர் ஒருவர்தான்.

ஊற்றிக் கொடுத்த பெண் திராட்சைச் சாகுபடி படித்தவர், பொறுமைசாலி. கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விடச் சொன்னார். கபர்னே சோவின்யோனில் பென்சில் சீவிய வாசனை, சுருட்டுப் பெட்டி, தோல், லேசாகக் குடைமிளகாய் தெரியும் என்றார். இதை ஏதோ பீற்றல் என்று நினைக்க வேண்டாம். குடைமிளகாய்க்கு அந்த வாசனையைத் தரும் பைரசீன் வகைப் பொருள் கபர்னே திராட்சையிலும் நிஜமாகவே இருக்கிறது. மாமனார் மூக்கை விட்டார், எடுத்தார், பணிவாகக் கேட்டார்: "இதுல திராட்சை வாசனை எங்கம்மா?"

அடுத்த கிளாஸில்தான் வினை. அது கபர்னேயோடு மெர்லோவும் இன்னும் இரண்டு ரகமும் கலந்தது. "இது எங்கள் போர்டோ கலவை" என்று அந்தப் பெண் நீட்டியதும், மாமனார் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். முப்பது வருஷமாகக் கம்பத்தில் அவர் போர்டோ கலவை அடித்துக்கொண்டிருக்கிறார், அடிச்சாம்பல் நோய்க்கு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் தண்ணீரும் கலந்தது. கைத்தெளிப்பானில் ஊற்றுவதை கிளாஸில் ஊற்றுகிறார்களே!

விஷயம் விளங்கியதும் அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு கலவைக்கும் சொந்த ஊர் ஒன்றுதான். பிரான்ஸில் போர்டோவை ஒட்டிய மெடோக் பகுதியில், சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமலிருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைப்பார்களாம். தெளித்த கொடிகளை மட்டும் நோய் தொடவில்லை என்பதைக் கவனித்த மில்லார்தே என்ற பேராசிரியர், 1885-ல் அதை மருந்தென்று அறிவித்தார். திருடனை விரட்ட அடித்தது என்று கேட்டதும் மாமனாருக்கு அந்த ஊர்மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. கலவையையும் ருசி பார்த்தார். ஊரில் கேட்பவர்களுக்கு: குடிக்கவில்லை. ருசி பார்த்தார். பக்கத்திலேயே துப்புவதற்கு ஒரு குவளை வைத்திருக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் துப்பத்தான் செய்வார்கள். மாப்பிள்ளை துப்பவில்லை.

பிறகு தோட்டத்துக்குள் அழைத்துப் போனார்கள். இங்கேதான் மாமனார் விழித்துக்கொண்டார். கபர்னே பழம் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். சுண்டைக்காய் அளவு, தடித்த தோல், நிறைய விதை, ஆனால் தேன் தித்திப்பு. சாப்பிடுகிற திராட்சையைவிட சர்க்கரை நன்றாகவே கூடுதல். வரிசை முனைகளில் ரோஜாச் செடி பார்த்தார். ஒரு காலத்தில் சாம்பல் நோயை முன்கூட்டிச் சொல்லட்டும் என்று வைத்தது, இப்போது அழகுக்கு. கம்பங்களின்மேல் மரப்பெட்டிகளைப் பார்த்தார். அவை கூகைகளுக்கு வீடு. வேரைக் கடிக்கும் எலி வகைகளைக் கூகைகள் பார்த்துக்கொள்ளும். மகசூல் ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டார். மூன்று, நான்கு டன்.

"பத்து டன்னுக்குக் குறைஞ்சா எங்க ஊர்ல பேங்க்காரன் வீட்டுக்கு வந்துருவான்" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கோடையில் காய் நிறம் மாறும் சமயத்தில், காய்த்த குலைகளில் ஒரு பங்கைத் தாங்களே வெட்டித் தரையில் தள்ளிவிடுவோம், மிச்சக் குலைகளில் சாரம் கூடும் என்று அந்தப் பெண் சொன்னதும் மாமனார் வரிசை நடுவில் நின்றுவிட்டார். காய்த்த காயை, நோயில்லாத காயை, கையால் வெட்டிக் கீழே போடுவதா? மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர்களைச் சமாதானப்படுத்த மாப்பிள்ளை விலையைச் சொன்னார்: நாபாவில் கபர்னே டன்னுக்குச் சராசரியாக 8,000 டாலருக்கு மேல் போகிறது. அமெரிக்க டன் என்பது 907 கிலோ. கைபேசியில் கணக்குப் போட்டால் கிலோ எழுநூறு ரூபாய்க்கும் மேல். ஒரு டன் விலையில் நூறில் ஒரு பங்குதான் ஒரு பாட்டிலின் விலை என்பது இங்கே தோட்டக்காரர்களின் வாய்ப்பாடு. எண்பது டாலர் பாட்டில் என்றால் எண்ணாயிரம் டாலர் டன். மாமனார் கொஞ்ச நேரம் குலையையே பார்த்தார். "அப்ப வெட்டலாம்" என்றார்.

மத்தியானச் சாப்பாடு செயின்ட் ஹெலினாவில் லைமன் பூங்கா மர நிழலில். மாமியார் தூக்குவாளியில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்திருந்தார். ஒயின் ஆலைகள் பலவற்றில் வெளிச்சாப்பாட்டுக்கு இடமில்லை; பக்கத்து ஊர் யான்ட்விலில் மூன்று மிஷலின் நட்சத்திரம் வாங்கிய ஃப்ரெஞ்ச் லாண்ட்ரி உணவகம் இருக்கிறது, ஆனால் அங்கே பல நாள் முன்பே இடம் பிடிக்க வேண்டும். டிரைவர் வழக்கப்படி காரிலேயே உட்காரப் போனார். வாடிக்கையாளர் சாப்பிடும்போது டிரைவர் தள்ளியிருப்பது இங்கே தொழில் மரியாதை. ஓட்டிவந்தவரைப் பட்டினி போட்டுத் தான் சாப்பிடுவது மாமனாரின் அகராதியில் பாவம். இரண்டு மரியாதைகளும் ஐந்து நிமிஷம் மோதின. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு டிரைவர் மூன்றாவது தடவை வறுவல் வாங்கிக்கொண்டார்.

அங்கே உட்கார்ந்துதான் பள்ளத்தாக்கின் கதை வந்தது. கதை முழுக்க வெளியூர்க்காரர்கள். 1861-ல் முதல் வணிக ஒயின் ஆலையைத் தொடங்கிய சார்லஸ் க்ரூக், பிரஷ்யாவிலிருந்து வந்தவர். அடுத்த வருஷம் மலைச்சரிவில் ஷ்ராம்ஸ்பர்க் தோட்டத்தை ஆரம்பித்த ஜேக்கப் ஷ்ராம், ஜெர்மனியிலிருந்து வந்து ஊர் ஊராகப் போய்ச் சவரம் செய்தவர். அவருடைய நிலவறைகளைக் குடைந்தவர்கள் சீனக் கூலிகள். 1880-ல் தேனிலவுக்கு வந்த எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அங்கே போனார். அவர் நிலவறையில் ஒன்றுவிடாமல் ருசி பார்த்துக்கொண்டிருக்க, மனைவியோ வராந்தாவில் ஷ்ராமின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார் என்று அவரே புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். தண்ணீரும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்த மாமியாருக்கு இந்த வராந்தா விஷயம் மட்டும் நன்றாகப் பிடிபட்டது.

1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. பூசை ஒயினுக்கு விதிவிலக்கு இருந்ததால் சில ஆலைகள் பிழைத்தன, மற்றவை மூடின. மறுபடி தலை தூக்கியது 1976 மே 24-ஆம் தேதி. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பாரிஸில் ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களை உட்காரவைத்து, லேபிளை மறைத்து, பிரெஞ்சு ஒயினையும் கலிஃபோர்னியா ஒயினையும் கலந்து கொடுத்தார். சிவப்பிலும் வெள்ளையிலும் நாபாவே ஜெயித்தது: ஸ்டாக்ஸ் லீப், ஷாட்டோ மான்ட்லீனா என்ற ஆலைகள். மான்ட்லீனாவின் ஒயினைச் செய்த மைக் கிர்கிச் குரோஷியாவிலிருந்து வந்தவர். மாமனாருக்கு இந்தப் போட்டியின் விதி மிகவும் பிடித்துவிட்டது. "எந்த ஊர்ப் பழம்னு தெரியாம வியாபாரி வெல சொல்லணும் மாப்ள. அப்படி வச்சா நம்ம பழமும் ஜெயிக்கும்."

இன்னொன்றும் அவருக்குப் பிடித்தது. 1968-லேயே நாபா கவுண்டி இந்தப் பள்ளத்தாக்கை விவசாயப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அமெரிக்காவில் அது முதல் தடவை. நிலத்தை 20 ஏக்கருக்குக் குறைவாகத் துண்டு போடக் கூடாது என்று இருந்ததைப் பின்னால் 40 ஆக்கினார்கள். இல்லாவிட்டால் ஆப்ரிகாட்டும் பிளம்ஸும் விளைந்த சான் ஹோசே பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளாக மாறிப்போனது இங்கேயும் நடந்திருக்கும். தன் தோட்டத்தின் மூன்று பக்கமும் பிளாட் கல் நட்டுவிட்ட கதையை மாமனார் டிரைவரிடம் சொன்னார், நேராகத் தமிழிலேயே. டிரைவர் தலையாட்டினார்.

சாயங்காலம் கலிஸ்டோகா பக்கம் கல்லால் கட்டிய கோட்டை ஒன்றைக் காட்டினார்கள். காஸ்டெல்லோ டி அமொரோசா, பதின்மூன்றாம் நூற்றாண்டு இத்தாலியக் கோட்டையின் தோரணை, நூறுக்கு மேல் அறைகள். திறந்தது 2007-ல். மாமனார் அதற்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கினார்.

அவர் மனசு காலையில் பார்த்த பெண்ணிடமே இருந்தது. அந்த ஆலையை விட்டுக் கிளம்பும் முன் மாப்பிள்ளை தன் கைபேசியில் கம்பத்துப் பன்னீர் திராட்சையின் படத்தை அந்தப் பெண்ணிடம் காட்டியிருந்தார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், கருநீலம், வாயில் போட்டால் பன்னீர் மணம். தோட்டக்கலை அதிகாரிகள் சொல்லும் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது கலிஃபோர்னியாவிலேயே இருக்கிறது, எங்கள் ஊரில் பிளாக் மஸ்கட் என்போம் என்றார். நாபாவில் தேட வேண்டாம். தெற்கே மத்தியப் பள்ளத்தாக்கில் மடேரா என்ற ஊரில் குவேடி ஆலை அதிலிருந்து எலிசியம் என்று ஒரு இனிப்பு ஒயினே செய்கிறது.

திரும்பும் வழியில் மாமனார் விசாரித்ததெல்லாம் மடேராதான். இருட்டு, முன்சீட்டில் விளக்கு, டிரைவர் கைபேசியில் தூரம் பார்த்தார். ஃப்ரீமான்டிலிருந்து இருநூறு கிலோமீட்டர் போல. பாதாம், பிஸ்தா, உலர்திராட்சைத் தோட்டங்கள் நடுவே நெடுஞ்சாலை 99-ல் போக வேண்டும். கோட்டையும் கிடையாது, நட்சத்திர உணவகமும் கிடையாது. இத்தனை வருஷத்தில் மடேராவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதில்லையாம். கம்பெனி விலைப்பட்டியலிலேயே அந்த ஊர் இல்லை. வேண்டுமானால் மணிக்கணக்கில்தான் போட வேண்டும் என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

"இன்னொரு லட்சமா? வேணாம்" என்றார் மாமியார். "அடுத்த சனிக்கிழம நம்ம வண்டியிலயே போவோம். மாப்ள ஓட்டட்டும்."

பின்சீட்டில் மாப்பிள்ளை முகம் மாறியது. ஓட்டுகிறவர் ருசி பார்க்க முடியாது.

"அதான் துப்புறதுக்குக் குவளை வச்சிருக்காங்கள்ல மாப்ள" என்றார் மாமனார், திரும்பிப் பார்க்காமலே.